கோப்பின்படி பசு வந்துவிட்டது

ஆற்றங்கரை அணு உலையில் ஒழுக்கு கண்டுபிடிக்கப்பட்டது மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. டெல்ஃபீன் ஷுலிஸ்ட்டுக்கு எலும்பு ஸ்கேன் எடுப்பதாக இருந்தது அடுத்த வியாழக்கிழமை. நடுவில் முழுதாக ஐந்து நாள் இருந்ததால், அதற்குள் அரசாங்கம் ஏதாவது செய்துவிடும் என்று அவள் கணவன் ஆம்ப்ரோஸ் நம்பினான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவனும் ஒருவகையில் அரசாங்கம்தான். எங்கள் ஒட்டாவா பள்ளத்தாக்கில் செயின்ட் ஹெட்விக் என்ற சிற்றூரில், மண் ரோடுகளைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டியை முப்பத்தோரு வருஷமாக ஓட்டுகிறவன். ரோட்டில் குழி விழுந்ததாக யாராவது போன் செய்தால் போய்ப் பார்ப்பான். குழி இருந்தால் ஜல்லி கொட்டி மூடுவான். தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்திருக்கிறவர்களும் இதையேதான் கொஞ்சம் பெரிய அளவில் செய்கிறார்கள் என்று அறுபது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

டெல்ஃபீனுக்கு நான்கு வருஷத்துக்கு முன் இடது மார்பை எடுத்தார்கள். அதோடு தொலைந்தது என்று இருவரும் நினைத்தார்கள். ஏப்ரலில் பனி கரைந்த சமயம், நிலவறைப் படியில் உருளைக்கிழங்குக் கூடையோடு ஏறியவள் பாதியில் நின்றுவிட்டாள். இடுப்புக்குள் யாரோ திருப்புளியை வைத்துத் திருகினதுபோல் இருந்தது என்றாள். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "ஸ்கேன் பாக்காம நான் வாயத் தெறக்கமாட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனபோது ஸ்கேன் அறை வாசலில் ஜிசேல் லாவிஞ் நின்றுகொண்டிருந்தாள். இருபது வருஷமாக அந்த இயந்திரத்தை இயக்குகிறவள்.

"பசு வத்திப்போச்சு, டெல்ஃபீன்" என்றாள்.

அவர்கள் தொழிலில் அப்படித்தான் பெயர். உலையில் பிறந்த சரக்கு ஈயப் பானைக்குள் அடைத்து வரும். அது தானாகத் தேய்ந்து வேறொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் உப்புத்தண்ணீர் விட்டு அந்த வேறொன்றை வடித்தெடுப்பார்கள். பானைதான் பசு, வடிப்பதுதான் பால் கறப்பது. கறந்ததை ஊசியில் ஏற்றினால், எலும்பில் எங்கெங்கே கோளாறோ அங்கெல்லாம் படத்தில் விளக்கு எரியும். பசுவின் பலம் இரண்டே முக்கால் நாளில் பாதியாகிவிடும். கறந்த பாலின் பலமோ ஆறு மணி நேரத்தில் பாதி. எடுத்து வைக்கவும் முடியாது, பதுக்கவும் முடியாது. உலகத்தில் பாதி ஆஸ்பத்திரிகளுக்குப் பசு கொடுத்த உலை ஆம்ப்ரோஸ் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில் நின்றுபோயிருந்தது.

"இப்ப கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வாரம் ஒரு சின்னப் பானை வருது" என்றாள் ஜிசேல். "பசு இல்ல, கன்னுக்குட்டி. நெஞ்சு நோவுக்காரங்க, கொழந்தைங்க, இவங்களுக்குப் போக மிச்சம் இருந்தாத்தான் மத்தவங்களுக்கு."

"எப்ப மிச்சம் இருக்கும்?" என்று கேட்டான் ஆம்ப்ரோஸ்.

"தெனம் வந்து கேளு. இருந்தா சொல்றேன். பொய் சொல்லமாட்டேன்."

அவன் தினம் போனான். வேலைக்குப் போகும் வழியில் வண்டியை மருத்துவமனை ஜன்னலோரம் நிறுத்துவான். ஜிசேல் உள்ளேயிருந்து தலையை ஆட்டுவாள். மே முடிந்தது, ஜூன் பாதி போயிற்று. அவள் தலை ஒரே திசையில்தான் ஆடியது.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உலை நின்ற பன்னிரண்டாம் நாளே, மருத்துவ ஐசோடோப்பு வழங்கல் தொடர்ச்சிச் செயலகம் என்று ஒன்றைத் திறந்துவிட்டது. அதற்குக் கீழே மூன்று குழுக்கள்: ஒன்று ஆராய, ஒன்று ஆராய்ந்ததை ஆராய, மூன்றாவது முதல் இரண்டுக்கும் மனக்கசப்பு வராமல் பார்த்துக்கொள்ள. அணுவுக்குள் மேப்பிள் இலை இருப்பதாக ஒரு சின்னம் வரைந்தார்கள். இலைக்குள் அணு இருக்க வேண்டுமா, அணுவுக்குள் இலையா என்பதில் கருத்து வேறுபாடு வந்து மூன்று வாரம் ஓடியது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்றும் வந்தது.

ஆம்ப்ரோஸ் கூப்பிட்டான். ஆங்கிலத்துக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு இரண்டு. நாற்பது நிமிஷம் பிடில் வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க சார்."

"இந்த ஐசோடோப்புத் தட்டுப்பாடு விஷயமா..."

"மன்னிக்கணும் சார். தட்டுப்பாடுன்னு எதுவும் கெடையாது. இப்ப இருக்கிறது நீட்டிக்கப்பட்ட இடைவெளி."

"எதுக்கும் எதுக்கும் நடுவுல?"

"போன சரக்குக்கும் வரப்போற சரக்குக்கும் நடுவுல சார்."

"வரப்போற சரக்கு எப்ப வரும்?"

"அது தெரிஞ்சா சாதாரண இடைவெளி ஆயிடுமே சார். தெரியாததுனாலதான் நீட்டிக்கப்பட்டதுன்னு சொல்றோம்."

ஆம்ப்ரோஸ் யோசித்துப் பார்த்தான். அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. "இங்க பாரும்மா, என் மனைவிக்கு இடுப்புல வலி. முன்னாடி புத்துநோய் வந்தவ. பேரு டெல்ஃபீன்..."

"பேரெல்லாம் சொல்லாதீங்க சார்! நோயாளி விவரத்த நாங்க வாங்கக்கூடாது. அந்தரங்க உரிமைச் சட்டம்."

"அவ யாருன்னே தெரியாம அவளுக்கு எப்படி ஒதவி பண்ணுவீங்க?"

"பொதுவா ஒதவி பண்ணுவோம் சார்."

அந்தப் பொது உதவி பத்து நாளில் தபாலில் வந்தது. வழுவழுப்பான தாளில், இரண்டு மொழியில், 'பொறுமை: உங்கள் பங்கு' என்று தலைப்புப் போட்ட கையேடு. அதற்குள் டெல்ஃபீனால் மாடிப்படி ஏற முடியாமல் போயிருந்தது. ஆம்ப்ரோஸ் கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து சமையலறைக்கு அடுத்த அறையில் போட்டிருந்தான். அவள் படுத்தபடியே கையேட்டைப் புரட்டினாள்.

"மூணாம் பக்கத்துல ஒரு கெழவனும் கெழவியும் படகுல ஒக்காந்து பல்லக் காட்டுறாங்க, பாரு" என்றாள். "இவங்களுக்கு ஸ்கேன் கெடச்சிருக்கு."

"உள்ள என்ன போட்டிருக்கான்?"

"ஸ்கேன் கெடைக்கிறவரைக்கும் மத்த வழிகளப் பத்தி டாக்டர்கிட்ட கேக்கணுமாம். காத்தாட நடக்கணுமாம்." கையேட்டை மூடி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "ஆம்ப்ரோஸ், என்னக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வை. காத்தாட நடக்கிறத நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவன் திருப்பினான். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் இருக்க அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவன் தோளைப் பிடித்த விரல்களில் தெரிந்தது. அன்று காலை கிரேடரை எடுத்துக்கொண்டு போனவன், நன்றாக இருந்த ரோட்டையே மூன்று தடவை போய்வந்து சமன்படுத்தினான். கீழே இறங்கினால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜூன் கடைசியில் செயலகம் எங்கள் மாதா கோயில் கூடத்துக்கே வந்தது. 'செவிசாய்ப்புக் கூட்டம்' என்று பெயர். முட்டை சாண்ட்விச்சும் வெண்ணெய் டார்ட்டும் வைத்திருந்தார்கள். வட்டார ஒருங்கிணைப்பாளர் கிரேடன் பெல், எங்கள் ஆட்கள் போடுகிற மாதிரியே கட்டம் போட்ட சட்டையில் வந்திருந்தார். கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

"நண்பர்களே, நான் இங்க பேச வரல. கேக்க வந்திருக்கேன்" என்று ஆரம்பித்து ஐம்பது நிமிஷம் பேசினார்.

"செயலகம் தொடங்கின அன்னைக்கு எங்ககிட்ட என்ன இருந்துச்சு? ஒண்ணுமே இல்ல. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி. இன்னைக்கு நாப்பத்தாறு பேர் வேல பாக்கிறோம். வளர்ச்சியே இல்லங்கிறவங்க இதப் பாக்கணும். சில பேர் சொல்றாங்க, ஐசோடோப்பு சீக்கிரம் தேஞ்சு போயிடுதுன்னு. ஒத்துக்கிறேன். அதோட பாதி ஆயுள் ரெண்டே முக்கால் நாள். ஆனா எங்க செயல்திட்டத்தோட ஆயுள் அஞ்சு வருஷம், நீட்டிக்கவும் வழி இருக்கு. எத நம்பலாம்னு நீங்களே சொல்லுங்க."

கடைசி வரிசையிலிருந்து ஹெக்டர் மக்னாப் எழுந்தார். எழுபத்துநான்கு வயது. அந்த உலையிலேயே குழாய் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அவரும் எலும்பு ஸ்கேனுக்குத்தான் காத்திருந்தார்.

"தம்பி, அந்த உலைத் தொட்டிக்கு வெல்டு வச்ச கை இது. இரும்பு எத்தன நாள் ஒழைக்குமோ அத்தன நாள்தான் ஒழைக்கும்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும். அப்பறம் என்ன பண்றதுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?"

"அருமையான கேள்வி" என்றார் பெல். "இந்த மாதிரி கேள்விகளுக்குத்தான் வண்ணத் தாள் வச்சிருக்கோம். கவலையா இருந்தா மஞ்சள்ல எழுதுங்க. நம்பிக்கையா இருந்தா பச்ச. எழுதிச் சுவத்துல ஒட்டுங்க."

டெல்ஃபீன் சக்கர நாற்காலியில் இருந்தாள். "ஏங்க, வலிக்கு என்ன கலரு?" என்று கேட்டாள்.

பெல் தன் காகிதத்தைப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். "வலிய... மஞ்சள்லயே சேத்துக்கலாம்மா" என்றார்.

அப்போதுதான் ஆம்ப்ரோஸ் எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன்; தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எனக்குக் கலரெல்லாம் வேணாம் சார். யார்கிட்டயாவது போய் நிக்கணும்னா சொல்லுங்க, போய் நிக்கிறேன். எங்கயாவது போய்த் தூக்கிட்டு வரணும்னா தூக்கிட்டு வரேன். எழுதிக் குடுக்கணுமா, மண்டி போடணுமா? என்ன பண்ணா அவளுக்குக் கெடைக்கும்? ஆறு வாரமா அவ தூங்கல சார். அவ்வளவுதான்."

பெல்லுக்கே கண் கலங்கியது. பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இந்தாள் பேர எழுதிக்கோ. கேமராவுல நல்லா வருவாரு" என்று மெல்லச் சொன்னார். மைக் இன்னும் அணைக்கப்படாததால் எல்லோருக்கும் கேட்டது.

ஜூலை கடைசி வாரம் நல்ல செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து முழு அளவில் ஒரு பசு வருகிறது. அமைச்சரே நேரில் வந்து எங்கள் மருத்துவமனையிடம் ஒப்படைக்கிறார். நோயாளிகள் சார்பில் அதைப் பெற்றுக்கொள்ளும் 'குடும்பக் குரல்' ஆம்ப்ரோஸ் ஷுலிஸ்ட். பெரிய பசு வருவதால், ஒரே வேலை இரண்டு முறை நடக்கக்கூடாது என்று அந்த வாரத்துக்கான கன்றுக்குட்டியைச் செயலகம் ரத்து செய்திருந்தது. ஜிசேலிடம் போன வாரத்துப் பானைதான் இருந்தது. கிட்டத்தட்ட வற்றியது.

ஒன்பது நோயாளிகளைக் காலை ஒன்பது மணிக்கே வரச்சொல்லி, மருத்துவமனை அங்கியை மாட்டிவிட்டு உட்காரவைத்தார்கள். பானை உள்ளே வந்தவுடன் ஊசி. வரிசையில் டெல்ஃபீன் மூன்றாவது, ஹெக்டர் நான்காவது. அமைச்சர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது, பன்னிரண்டரைக்கு வந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கூடாரம். நடுவில் மேஜை, நீலத் துணி, அதன்மேல் ஈயப் பானை. பானையைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு பெண் ஆம்ப்ரோஸிடம் தாளை நீட்டினாள். போட்டான். "அமைச்சர் குடுப்பாரு. வாங்கணும், சிரிக்கணும், அஞ்சு எண்ணணும், மேஜையில திருப்பி வைக்கணும். சரியா?"

"உள்ள எப்ப எடுத்துட்டுப் போவாங்க?"

"அது என் பிரிவு இல்லங்க."

அமைச்சர் பேசினார். "நான் மருத்துவன் இல்லை. விஞ்ஞானியும் இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது! ஒரே உலையை நம்பி இருந்தது தவறு என்கிறார்கள். நான் அதற்கும் மேலே போகிறேன்: எதையுமே நம்பி இருப்பது தவறு. இந்தக் கோடையில் அந்தப் பாடத்தை எங்கள் மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்த அரசு பெருமை கொள்கிறது."

இப்படி முப்பத்தைந்து நிமிஷம். ஆம்ப்ரோஸ் மருத்துவமனை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் அங்கி போட்ட ஒன்பது பேர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருந்தது. அது யார் கை என்று அவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அமைச்சர் பானையைத் தூக்க முயன்று, முடியாமல், அதைத் தொட்டுக் கொடுத்தார். ஆம்ப்ரோஸ் தூக்கிக்கொண்டான். சிரிக்கவில்லை. ஐந்து எண்ணவும் இல்லை. திரும்பி, மேடையைவிட்டு இறங்கி, நடந்தான்.

முதலில் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கேமராக்காரர்கள் பக்கவாட்டில் ஓடினார்கள். அமைச்சரும் கையசைத்தார். பானையின் கனத்தில் தோள்பட்டை இறங்க, ரிப்பன் தரையில் புரள, ஆம்ப்ரோஸ் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் போனான். ஜிசேல் முன்னால் ஓடி ஒவ்வொரு கதவாகத் திறந்து பிடித்தாள். காத்திருந்த ஒன்பது பேரில் எழுந்திருக்க முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

சோதனை அறை மேஜையில் வைத்தான். மூச்சு வாங்கியது. ஜிசேல் கதிர் அளக்கும் கருவியைப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முள் அசையவில்லை. கருவியைத் தட்டினாள். மறுபடி வைத்தாள். பிறகு மூடியைத் திருகித் திறந்தாள்.

உள்ளே ஒரு மணல் பை இருந்தது. அதன்மேல் ஒரு சீட்டு: 'மாதிரி. காட்சிக்கு மட்டும்.' இரண்டு மொழியிலும்.

கிரேடன் பெல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "பானையக் குடுங்க, பானையக் குடுங்க! மூணு மணிக்கு அடுத்த ஊர்ல இத வச்சுத்தான் விழா."

"நெசப் பானை எங்க?" என்றாள் ஜிசேல்.

"ஒட்டாவா விமான நிலையக் கிடங்குல. ரொம்ப பத்திரமா இருக்கு. கதிரியக்கப் பொருள மேடையில வைக்கக்கூடாதுன்னு விதி இருக்கே, தெரியாதா?"

"இங்க எப்ப வரும்?"

பெல் கோப்பைத் திறந்தார். புரட்டினார். முகம் மாறியது. "இது... கோப்பின்படி வந்துடுச்சே. பன்னண்டு நாப்பதுக்குப் பெறப்பட்டது. கையெழுத்து, ஆம்ப்ரோஸ் ஷுலிஸ்ட்." அந்தத் தாளை ஆம்ப்ரோஸிடம் காட்டினார். "வந்து சேந்த சரக்க இன்னொரு தடவ அனுப்புன்னு நான் எப்படிச் சொல்றது? வருகைய ரத்து பண்ணி மனு போடணும். சாயங்காலம் ஆபீஸ் மூடிடுவாங்க. திங்கக்கெழம அரசு விடுமுறை. செவ்வாய்க்கெழம..."

"செவ்வாய்க்கெழம அதுல மூணுல ஒரு பங்குதான் இருக்கும்" என்றாள் ஜிசேல். "அதுக்கு அப்பறம் ரோட்டுல ஒரு நாள்."

"நான் போறேன்" என்றான் ஆம்ப்ரோஸ். "ரெண்டு மணி நேரம். லாரிய எடுத்துட்டு நான் போய்க் கொண்டுவரேன்."

"உள்ள விடமாட்டாங்களே" என்றார் பெல், உண்மையான வருத்தத்தோடு. "நீங்கதான் ஏற்கெனவே வாங்கிட்டீங்களே சார்."

ஆம்ப்ரோஸ் அவரை அடிப்பான் என்று ஜிசேல் நினைத்தாள். அடித்திருந்தாலும் யாரும் சாட்சி சொல்லியிருக்கமாட்டோம். அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பானையின் பிடி பதிந்து உள்ளங்கை சிவந்திருந்தது. பெல் மணல் பையை உள்ளே வைத்து மூடியைத் திருகி, தள்ளுவண்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜிசேல் உள்ளே போய்ப் பழைய பானையைக் கறந்தாள். வந்ததை இரண்டு முறை அளந்தாள். பிறகு காத்திருப்பு அறைக்குப் போய் நடுவில் நின்றாள்.

"பெரிய பானை வரல. பழசுலேருந்து ஒருத்தருக்குத் தேறும், அதுவும் தண்ணிப் பால்தான். படம் பிடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆடாம அசையாமப் படுக்கணும். இப்பவே சொல்லணும். இது நேரமாக ஆக செத்துக்கிட்டே இருக்கும்."

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற பெல், "ஒரு நிமிஷம். இதுக்கு முன்னுரிமைக் கட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கு. வரைவு நெலையில இருக்கு. அது இறுதியாகிறவரைக்கும்..." என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னுது வருஷா வருஷம் எடுக்கிறது. எனக்கு வலியே இல்ல" என்று ஒரு பெண் எழுந்து அங்கியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். "எனக்கு மருந்து ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு. படம் வந்தாலும் அதேதான்" என்றார் இன்னொருவர். மூட்டு வீக்கக்காரர் விலகினார். முழங்கால்காரி விலகினாள். கண்ணாடி போட்ட ஒருவர் அழுதார். பிறகு அவரும் தலையை ஆட்டினார். ஐந்து நிமிஷத்தில் டெல்ஃபீனும் ஹெக்டரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"போ" என்றார் ஹெக்டர்.

"தியாகமெல்லாம் பண்ணாத ஹெக்டர். எனக்குப் பிடிக்காது."

"தியாகமா? ஒண்ணரை மணி நேரம் அசையாமப் படுக்கணுமாம்ல. எனக்குக் கால் மணிக்கு ஒருதரம் ஒண்ணுக்கு முட்டும். நான் படுத்தா பால் பாழ். நீ போ தாயே, நேரமாகுது."

அவர் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். டெல்ஃபீன் அதைப் பார்த்தாள்; பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். ஜிசேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பெல் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஹெக்டரிடம் வந்தார். "அறிக்கையில எழுதணும். இந்தத் தேர்வு முறைக்கு என்ன பேர் குடுக்கலாம்?"

"வெக்கம்னு எழுது" என்றார் ஹெக்டர். "எழுத்துக் கூட்டத் தெரியலன்னா சொல்றேன்."

ஊசி ஊறுவதற்கு மூன்று மணி நேரம், படத்துக்கு ஒன்றரை மணி. சாயங்காலம் டாக்டர் படத்தை விளக்கின்மேல் வைத்தார். இடுப்பில் ஒன்று, முதுகெலும்பில் இரண்டு, விலாவில் ஒன்று. பால் நீர்த்திருந்தாலும் நான்கும் தெளிவாக எரிந்தன.

"மே மாசம் பாத்திருந்தா?" என்று கேட்டான் ஆம்ப்ரோஸ்.

டாக்டர் படத்தை விளக்கிலிருந்து எடுத்தார். "மே மாசம் நான் பாக்கல, ஆம்ப்ரோஸ். யாருமே பாக்கல. அதனால யாராலயும் சொல்ல முடியாது."

அடுத்த வாரமே கதிர் சிகிச்சை ஆரம்பித்தார்கள். வலி பாதியாயிற்று. டெல்ஃபீன் தடியூன்றி நடந்தாள்; இரவில் நான்கு மணி நேரம் தூங்கினாள். அது போதும் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் பேசவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை ஹெக்டர் மக்னாப் கட்டிலிலிருந்து இறங்கக் காலை ஊன்றினார், கால் இல்லை. இருந்தது, ஆனால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. முதுகெலும்பில் யாரும் பார்க்காத ஒன்று வளர்ந்து நரம்பை நசுக்கியிருந்தது. அவருக்கு ஸ்கேன் தேதி கொடுத்திருந்தது நவம்பர் ஒன்பது. படுக்கையில் கிடந்து, சளி கட்டி, அக்டோபர் மூன்றாம் வாரம் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து கோயில் கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஜிசேல் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து டெல்ஃபீன் முன்னால் வைத்தாள். செயலகத்திலிருந்து வந்தது. அந்த மருத்துவமனையின் எலும்பு ஸ்கேன் காத்திருப்போர் பட்டியல் மூன்று மாதத்தில் ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைந்திருப்பதைச் செயலகம் மகிழ்ச்சியோடு கவனித்திருக்கிறது. நாட்டிலேயே இதுதான் மிகச் சிறந்த முன்னேற்றம். எப்படிச் சாதித்தீர்கள் என்பதைப் பெயர் குறிப்பிடாமல், ஒவ்வொன்றாக, இணைத்துள்ள படிவத்தில் தெரிவிக்கவும்.

"'குறைக்கப்பட்ட முறை'ன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றாள் ஜிசேல். "நாளைக்குள்ள அனுப்பணும். நான் என்ன எழுதட்டும்?"

டெல்ஃபீன் பேனாவை வாங்கினாள். போன வருஷம்வரை பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். படிவம் நிரப்புவது அவளுக்குக் கைவந்த வேலை. ஒருவர், எல்லை தாண்டி அமெரிக்காவில் பார்த்துக்கொண்டார். மூவர், இனி கேட்பதில்லை என்று விட்டுவிட்டார்கள். ஒருவர், வற்றிய பானையில் மிஞ்சியது. ஆறாவது கட்டத்தில் கை நின்றது. ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். அவன் கோட்டில் இன்னும் கல்லறை மண் இருந்தது.

"நடந்தத எழுது" என்றான்.

'புதைத்தோம்' என்று எழுதினாள். எழுத்து நேராக இருந்தது.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இவ்வளவு விரைவாகச் செயலகம் யாருக்கும் பதில் எழுதியதில்லை. ஜிசேல் அதை வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஆம்ப்ரோஸ் நின்றபடி படித்துக் காட்டினான்.

'தங்கள் விரிவான தகவலுக்கு நன்றி. வரிசை எண் ஆறில் குறிப்பிட்டுள்ள முறை, குறைந்த செலவில் நிரந்தரப் பலன் தந்திருப்பதாகத் தெரிகிறது. இதை மற்ற மருத்துவமனைகளிலும் நடைமுறைப்படுத்த இயலுமா என்பதைத் தெரிவிக்கவும்.'

டெல்ஃபீன் சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு வாய்விட்டு. முதுகில் வலி பிடித்தது; நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். ஆம்ப்ரோஸ் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து, எலும்பு வலிக்காத இடமாகப் பார்த்து, அவளைப் பிடித்துக்கொண்டான்.